அழவிடாத பிள்ளை

குழந்தை கக்கிய பால் பச்சை நிறமாக இருந்தது. ஆனந்தி முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். பச்சைதான்.

பிறந்ததிலிருந்து அவனை அழவிட்டதில்லை. அழுதால் தொப்புள் நெல்லிக்காய் போலப் புடைத்துக்கொண்டு வரும். தூங்கினால் உள்ளே போய்விடும். ஏலக்காய் எடுத்துவிட்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பும் பெண்கள் முறைவைத்துத் தூக்கினார்கள். "தொரை மகன்ல, கால் தரையில படாது" என்று கேலி செய்தார்கள். அவர்கள் சொல்லித்தான் ஐந்து ரூபாய்க் காசைத் துணியில் பொதிந்து தொப்புளின்மேல் கட்டியிருந்தாள். வீடு வீடாக வந்து பிள்ளைகளைப் பார்க்கும் ஆஷா சுகாதாரப் பணியாளர் ஷீனா வருகிற அன்று மட்டும் அவிழ்த்துவிடுவாள். ஆனால் வயிற்றில் விழுந்திருந்த காசின் வட்டத்தைப் போன தடவை ஷீனா பார்த்துவிட்டாள்.

"காசு கட்ட வேண்டா, கேட்டோ," என்றாள் மலையாளம் கலந்த தமிழில். " வளரும்போ தானா அடைஞ்சுக்கும். ஆனா அழுகை நின்னும் உள்ள போகல, வாந்தி வருதுன்னா, அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

ஆனந்தி தலையாட்டினாள். ஷீனா படியிறங்கியதும் திரும்பக் கட்டினாள்.

இப்போது அவள் கையிலிருந்த முந்தானையைப் புருஷன் பெரியமுத்தும் எட்டிப் பார்த்தான். "கட்டு நெகிழ்ந்திருச்சு. அதான் விடியறதுக்கு முன்னருந்து அழுதான். இறுக்கிக் கட்டு," என்றான்.

அவள் அவிழ்த்தாள். காசு பாயில் விழுந்தது. தொப்புள் கருஞ்சிவப்பாக வீங்கி நின்றது. எப்போதும் விரல் வைத்தால் குளுக்கென்று உள்ளே இறங்கும். இன்று கல்லாக இருந்தது. குழந்தை கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டான்.

"ஜீப்பக் கூப்பிடுங்க."

"அழுகதான் நின்னுருச்சே."

"நின்னும் உள்ள போகலங்க."

வண்டன்மேட்டு மலை வளைவுகளில் பனிமஞ்சு மூடியிருந்தது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே போனான். குழந்தையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது. முன் சீட்டிலிருந்து பெரியமுத்து திரும்பினான்.

"தூங்கிட்டானா?"

இத்தனை மாதமும் இந்த அமைதிக்காகத்தான் அவனைத் தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தாள். அவனை மடியில் கிடத்திச் சட்டையை விலக்கினாள். வீக்கத்தைச் சுற்றிக் காசின் வட்டம் அப்படியே பதிந்திருந்தது. பாதத்தைப் பிடித்து உள்ளங்காலைச் சுண்டினாள்.

"அழுடா. என் சாமி, அழு."

இன்னும் பலமாகச் சுண்டினாள். அவன் காலை லேசாக அவள் கையிலிருந்து இழுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் திரும்பியபோது அவன் முகம் சுருங்கி, உதடுகள் பிரிந்து, வாய் அகலமாகத் திறந்தது. சத்தம் இன்னும் வரவில்லை. ஆனந்தி அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.