அண்ணாச்சிக்குக் காய்ச்சல்

நர்சிங் கல்லூரிப் பயிற்சி அறையில் படுத்திருந்த பொம்மைக்குச் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. பொம்மைக்குக் காய்ச்சல் வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. யார் கொடுத்தது என்பதுதான் பேச்சாக இருந்தது.

ரப்பர் உடம்பு, மூடித் திறக்கும் கண்கள். பிள்ளைகள் அதை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். ஊசி போடுவதும் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் அவர் மேல்தான். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை, பாவம்.

நோய்த்தொற்றுப் பாடம் எடுப்பவள் ஜெபக்கனி. யாராவது ஒருத்தியின் கையில் ரகசியமாக ஒரு பொடியைத் தடவிவிடுவாள். அதுதான் கிருமி. வகுப்பு முடிந்ததும் விளக்கை அணைத்து ஊதா விளக்கைப் போடுவாள். பொடி தொற்றிய இடமெல்லாம் பச்சையாக மின்னும். பிள்ளைகள் அலறும். இதே அலறலைக் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துவிட்டது.

அன்று காலை அவள் மகள் அபிஷா எழுந்திருக்கவில்லை. "அம்மா, மேலெல்லாம் சுடுது. தொட்டுப் பாரு."

ஜெபக்கனி குளித்து, சேலை கட்டி, பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தாள். வாசலில் நின்றபடியே, "வந்து பாக்கேன் மக்களே," என்றாள்.

இப்போது அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். "மேலெல்லாம் சுடுது. தொட்டுப் பாரு."

பிரின்சிபால் வந்துவிட்டார். "யாரு குடுத்ததுன்னு தெரியாம ஒருத்தரும் வீட்டுக்குப் போகக் கூடாது."

"மேடம், என் மகளுக்கும் காய்ச்சல்," என்றாள் ஜெபக்கனி.

"முதல்ல இவரப் பாருங்க."

ஊதா விளக்கைப் போட்டார்கள். பிள்ளைகளின் கைகள் இருட்டாக இருந்தன. நகக்கண்ணில்கூட ஒரு புள்ளி இல்லை. சொல்லிக்கொடுத்தபடியே கழுவியிருந்தார்கள், சமத்துகள். அண்ணாச்சியின் உடம்பைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை.

"யாருமே தொடலயே," என்றாள் ஷைஜா என்ற மாணவி. "பிறகு எப்படி வந்துது?"

"யாரும் தொடல, அதான் வந்துது," என்றார் அண்ணாச்சி.

பிரின்சிபால் யோசித்தார். பிறகு ஜெபக்கனியைப் பார்த்தார். "அப்ப உங்க வீட்டுல இருந்துதான். விளக்க எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. கையுறை போட்டுக்கிடுங்க."

வீட்டுக்குப் போகவிட்டதே பெரிது. ஜெபக்கனி கையுறையை மாட்டிக்கொண்டு வராந்தாவில் இறங்கினாள்.

வராந்தா நீண்டது. வழி நெடுகக் கை கழுவும் தொட்டிகள் இருந்தன. தொட்டியைக் கண்டால் கழுவாமல் தாண்ட அவளால் முடியாது. கையுறையைக் கழற்றுவாள், கழுவுவாள், புதிதாக ஒன்றை மாட்டுவாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல். மறுபடி நடப்பாள், மறுபடி தொட்டி. கால் ஓய்ந்துபோனது. பிள்ளை தனியாகக் கிடக்கிறாளே என்று எட்டி நடந்தாள். ஆனாலும் ஒரு தொட்டியையும் விடவில்லை.

வராந்தா முடிந்த இடத்தில் அவள் வீட்டுப் படுக்கையறை இருந்தது. அபிஷா கல்லூரிக் கட்டிலில் படுத்திருந்தாள். மணிக்கட்டில் நோயாளிகளுக்குக் கட்டும் பட்டை.

ஜெபக்கனி விளக்கைப் போட்டாள். வீடே பச்சையாக மின்னியது. சுவிட்சில் அவள் விரல் தடங்கள். குக்கர் மூடியில், டிபன் பாக்ஸில், துவைத்து மடித்த யூனிபார்மில், எங்கும் அவள் விரல்கள்.

விளக்கை மகள் பக்கம் திருப்பினாள். நெற்றி இருட்டாக இருந்தது. கன்னம், தோள், கை, எல்லாம் இருட்டு. தலைமுடியை விலக்கச் சொன்னாள். அபிஷா விலக்கிக் காட்டினாள். அங்கேயும் இல்லை.

போனில் பிரின்சிபால் கேட்டார். "பிள்ள மேல எங்கயாவது இருக்கா?"

"இல்ல மேடம். ஒரு இடத்துலயும் இல்ல."

"நூத்துக்கு நூறு. நாளைக்கு இதையே பாடமா எடுங்க." பின்னால் பிள்ளைகள் கைதட்டுவது கேட்டது.

"அம்மா, தொட்டுப் பாரு," என்றாள் அபிஷா.

ஜெபக்கனி போனை வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். அதற்கடியில் இன்னொரு கையுறை இருந்தது. அதையும் கழற்றினாள். அதற்கடியிலும் ஒன்று. கழற்றிக் கழற்றிக் கட்டிலடியில் குவிந்தது. கட்டிலிலிருந்து அடுப்பைப் போல அனல் வந்தது. அவள் முறையெல்லாம் மறந்து பிய்த்து இழுத்தாள்.

"மெதுவாம்மா," என்றாள் அபிஷா, கண்ணைத் திறக்காமலே. "கையுறையோட வெளிப்பக்கம் மேல படக் கூடாதுல்லா."

ஜெபக்கனி முதலிலிருந்து முறைப்படி கழற்ற ஆரம்பித்தாள்.