பக்கத்து இருக்கையில் கறுப்புச் சதுரம்

கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில், ஓஸ்டர்வார்ஃப் கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும் வேகக் கேமரா, வேகமாகப் போகிறவரை மட்டும் படம் எடுப்பதில்லை. அவர் யாரிடம் போய்ச் சேர அவசரப்படுகிறாரோ அந்த ஆளையும் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து எடுத்துவிடுகிறது. 1997 ஏப்ரலில் நட்ட நாள் முதல் இப்படித்தான். சாம்பல் நிறக் கம்பம், ஆள் உயரத்துக்கு ஒரு முழம் கூடுதல், உச்சியில் ஒரு கண்ணாடிக் கண். அந்தச் சாலையில் எழுபதுக்கு மேல் போகக் கூடாது. எழுபத்தைந்து, எண்பது என்று போகிறவர்களை அது கண்டுகொள்ளாது. தொண்ணூறைத் தாண்டினால் பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டும்.

கம்பம் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று. சாலை ஆறு கிலோமீட்டருக்குக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடுவதால், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் நூற்றுப் பத்துக்குக் கீழே போவது பிரேக் பிடித்தபடி போவதாகத்தான் பட்டது. அபராதம் போட்டார்கள், குப்பை வரி கட்டுகிற மாதிரி கட்டினார்கள். ஓட்டுநர் உரிமத்தில் கரும்புள்ளி வைத்தார்கள், மதுக்கடையில் உட்கார்ந்து யாருக்கு எத்தனை புள்ளி என்று சீட்டாட்ட மதிப்பெண் போல ஒப்பிட்டுக்கொண்டார்கள். ஐந்து வருடத்தில் மூன்று கார்கள் கால்வாயில் விழுந்தன. இறந்தவர்கள் நினைவாக அங்கே மரச் சிலுவைகள் நட்டபோது, சிலுவையைத் தாண்டும் வரை காலைத் தூக்கி, தாண்டியதும் மறுபடி அழுத்தினார்கள். ‘மெதுவாகப் போங்கள், நாங்கள் இங்கே இருக்கிறோம்’ என்று பள்ளிப் பிள்ளைகள் வண்ணம் தீட்டிய பலகையை நட்ட அன்று மாலையே ஒரு கார் அதை இடித்துச் சாய்த்துவிட்டுப் போனது.

கேமராவின் படச்சுருள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாவட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கே அதைப் பார்த்துக்கொண்டவர் டோம்மா உபென் என்ற பெண்மணி. வண்டி எண்ணைச் சரிபார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை முகத்தோடு முழுதாகக் கறுப்பு மையால் மறைப்பது, படத்தைக் கடிதத்தோடு வண்டிக்காரர் வீட்டுக்கு அனுப்புவது, இவை மூன்றும் அவர் வேலை. குற்றம் செய்தவர் ஓட்டுநர். உடன் வந்தவர் யார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பது சட்டம். டோம்மா அளவுகோல் வைத்துச் சதுரம் கட்டி, ஓரம் பிசகாமல் மை அடிப்பார். முதல் சுருளில் பதினான்கு படங்கள் இருந்தன. தனியாகப் போன மென்னோ டிர்க்ஸ் என்ற விவசாயியின் பக்கத்தில் ஈனும் தறுவாயிலிருந்த ஒரு பசு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தனியாகப் போன பல் மருத்துவரின் பக்கத்தில், ஒன்பது வருடத்துக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய அம்மா நல்ல கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொழில்நுட்பக்காரர் வந்து கண்ணாடியை இரண்டு முறை மாற்றினார், படங்கள் மாறவில்லை. அலுவலகத் தலைவர் வூபேனாவுக்கு வேறு கவலை. இந்தப் பயணிகள் ஒருவரும் பெல்ட் போடவில்லை, இவர்களுக்கு அபராதம் உண்டா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். வண்டியில் இல்லாதவர்களுக்குப் பெல்ட் கட்டாயமில்லை என்று ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது.

பசு முகமும் முகம்தான் என்று டோம்மா அதையும் மறைத்தார். கடிதங்கள் வீடுகளுக்குப் போயின. அபராதமும் சிலுவையும் செய்யாததை அந்தக் கறுப்புச் சதுரம் செய்தது.

“ஏங்க, அன்னிக்கு நீங்க தனியாத்தானே போனீங்க? அப்ப இது யாரு?”

“சத்தியமா யாரும் இல்ல.”

“யாரும் இல்லாத சீட்டுக்கா கவர்மென்ட்டு மை அடிச்சு அனுப்புது?”

இந்தப் பேச்சு அந்த வருடம் ஊரில் பாதி வீடுகளின் சமையலறையில் நடந்தது. சிலர் உண்மையிலேயே மாட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் அலுவலகக் கவுன்டருக்கு வந்து நின்றார்கள். ரொட்டிக்கடை ஹாபோ தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, “என் வீட்டம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அது எங்க நாய்தான்னு. பிரசவ வலியில கிடந்துச்சு” என்று கெஞ்சினார். உண்மையில் அது நாய்தான்.

“பயணியைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசக் கூடாது” என்றார் டோம்மா.

“அம்மா, அது நாய்மா!”

“நாயும் பயணிதான்.”

கறுப்புச் சதுரம் வந்தவர்களைவிட, வராதவர்கள் பாடு மோசம். சில படங்களில் பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்கும். நூற்றுப் பதினைந்தில் போனவர் யாரிடமும் போய்ச் சேர அவசரப்படவில்லை என்று அதற்குப் பொருள். அப்படிப்பட்ட ஒருவர், சமையலறைச் சாமான் விற்பவர், அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்து, தன் படத்திலும் ஒரு சதுரம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். டோம்மா அதைச் செய்யவில்லை; உட்காரச் சொல்லி டீ கொடுத்து அனுப்பினார். இரண்டாவது வருட முடிவில் எங்கள் ஊர்க்காரர்களின் சராசரி வேகம் அறுபத்தெட்டு. கால்வாயில் அதன் பிறகு ஒரு வண்டியும் விழவில்லை.

டோம்மா தனியாக வாழ்ந்தவர். பதினொரு வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் முகங்களை மறைத்தவர், தன் முகம் அங்கே வரும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவருக்கு வாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஓக்கோ ரீன்ட்ஸ் தன் மீன் வண்டியை அலுவலக முற்றத்தில் நிறுத்துவார். புகை போட்ட கானாங்கெளுத்தி இரண்டைக் காகிதத்தில் சுற்றி மாடிக்குக் கொண்டுவந்து, “மொய்ன்” என்பார். எங்கள் பக்கம் எந்த நேரத்துக்கும் வணக்கம் அது ஒன்றுதான். பதினொரு மணி என்றால் எங்கள் பக்கம் டீ. கோப்பையில் கல்கண்டு போட்டு, அது படீரென்று வெடிக்கிற சூட்டில் டீயை ஊற்றி, மேலே பாலாடை விட்டுக் கலக்காமல் குடிக்க வேண்டும். விருந்தாளி மூன்று கோப்பை குடிப்பது மரியாதை. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும். போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஓக்கோ ஒவ்வொரு வியாழனும் முதல் கோப்பை முடிந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஒரு கோப்பையோடு எழுந்திருப்பது எங்கள் பக்கம் டீ நன்றாக இல்லை என்று சொல்வது. அல்லது ஊற்றியவரைப் பிடிக்கவில்லை என்று சொல்வது. டோம்மா மூன்று கடைகளில் டீத்தூள் மாற்றிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். ஆனாலும் வியாழக்கிழமைகளில் நல்ல கோப்பையைத்தான் எடுத்து வைப்பார்.

2008 அக்டோபரில் ஒரு வியாழன் ஓக்கோ தாமதமாக, முகம் சிவந்து வந்தார். கோப்பையின் அடியில் கல்கண்டு கரையுமுன் கரண்டியைப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. டோம்மா நல்ல கோப்பையை அலமாரியின் பின்வரிசையில் தள்ளி வைத்தார்.

மறுநாள் வந்த சுருளில் அந்தப் படம் இருந்தது. மீன் வண்டி, எழுபதில் நூற்றுப் பதினெட்டு, நேரம் பதினொன்று இருபத்தொன்று. ஸ்டியரிங்கில் ஓக்கோ. பக்கத்தில் பழுப்புக் கம்பளிச் சட்டையோடு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, மடியில் டீ ஜாடியை அணைத்தபடி டோம்மா உட்கார்ந்திருந்தார். அந்த டோம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த டோம்மா அளவுகோலை எடுத்தார், வைத்தார். சதுரம் போட்டு அனுப்பிவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும். ஓக்கோவும் கேட்க மாட்டார், இவரும் சொல்ல வேண்டியதில்லை. போடாமல் அனுப்பினால் அது பதில் சொல்வதாகிவிடும். பதினொரு வருடமாக ஒரு கோப்பையோடு எழுந்து போகிற மனிதருக்கு, கேமரா சொன்னதை நம்பிப் பதில் சொல்வதா? அவர் இல்லை என்றுவிட்டால், ஐம்பத்திரண்டு வயதில், இந்தச் சின்ன ஊரில், மீன் வாங்க எங்கே போவது? அரை மணி நேரம் கழித்து அவர் படத்தை எடுத்துக்கொண்டு வூபேனாவின் அறைக்குப் போனார்.

“சார், இந்தக் கேஸை நான் பார்க்கக் கூடாது.”

“ஏன், சொந்தக்காரரா?”

“இல்ல சார். பயணி நான்.”

வூபேனா படத்தைப் பார்த்தார், டோம்மாவைப் பார்த்தார். “அன்னிக்கு வண்டியில இருந்தீங்களா?”

“இங்கதான் டீ ஊத்திக்கிட்டிருந்தேன். நீங்ககூட ரெண்டு கோப்பை குடிச்சீங்க.”

“மூணு” என்று திருத்தினார் வூபேனா. பிறகு மைப் பேனாவை எடுத்தார். “சரி, நானே மறைச்சிடறேன்.”

“பயணி சம்மதிச்சா மறைக்க வேண்டாம்னு விதியில ஒரு வரி இருக்கு சார்.”

“இதுவரைக்கும் யாரும் சம்மதிச்சதில்லையே.”

“யாரையும் நாம கேட்டதில்ல சார்.”

வூபேனா பேனாவை மூடினார். டோம்மா சம்மதத்தை இரண்டு பிரதியில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார். படம் அப்படியே போனது.

ஓக்கோவின் வீட்டில் கடிதத்தைப் பிரித்தவள் அவருடைய அக்கா கேஷே. “டேய், இது அந்த ஆபீஸ் டீக்காரம்மா இல்ல?” என்றாள். ஓக்கோ விலாங்கு மீனைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, அங்கேயே ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். “மறைக்காம அனுப்பியிருக்காங்கடா” என்றாள் கேஷே. “மூஞ்சைக் கழுவிட்டு வா, மொதல்ல இந்தப் பாரத்தை நிரப்பு.” குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்ற கட்டத்தில் ஓக்கோ ‘ஆம்’ என்று குறித்தார். விளக்கத்துக்கு விட்டிருந்த ஆறு வரிகளில் இரண்டை மட்டும் பயன்படுத்தினார்: ‘ரயில்வே கேட் நாற்பது நிமிடம் திறக்கவில்லை. டீ பதினொன்றரைக்கு முடிந்துவிடும். படத்தில் உள்ளது சரி.’

அந்த வேகத்துக்கு ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. ஓட்டுநர் உரிமத்தை அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்க வேண்டும். ஓக்கோ பதினான்கு கிலோமீட்டர் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து, ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். மீன் கொண்டுவரவில்லை. தலை ஈரமாக, சோப்பு மணக்க நின்றார். டோம்மா உரிமத்தை வாங்கி, முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். பிறகு அலமாரியின் பின்வரிசையிலிருந்து நல்ல கோப்பையை எடுத்தார்.

முதல் கோப்பை முடிந்தது. கரண்டி தட்டிலேயே கிடந்தது. இரண்டாவது முடிந்தது. டோம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“இத்தனை வருஷமா ஏங்க ஒண்ணோட எழுந்து போனீங்க?”

“அடைச்ச ரூமு. என் மேல மீன் நாத்தம். ரெண்டாவது கோப்பைக்குள்ள ரூம் முழுக்கப் பரவிடும்னு…”

“வியாழக்கிழமைன்னா எனக்கு அந்த வாசனைதான். நீங்க வராத ரெண்டு வாரமும் இங்க வெறும் காகித நாத்தம்.”

ஓக்கோ கோப்பையை நீட்டினார். அன்று ஏழு கோப்பை குடித்தார். வூபேனா அதை எண்ணி வைத்திருக்கிறார்.

மீன் வண்டி ஒரு மாதம் நிற்க முடியாது. தெருத்தெருவாக ஆட்கள் காத்திருப்பார்கள். டோம்மாவுக்குச் சேர்ந்திருந்த விடுப்பு முப்பத்தொரு நாள். எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து அவரே வண்டியை ஓட்டினார். ஓக்கோ பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார். ஓஸ்டர்வார்ஃப் சாலையில் டோம்மா அறுபத்து நாலில் போக, பின்னால் பதினொரு வண்டிகள் வால் பிடித்து வந்தன, ஹாரன் அடித்தார்கள், டோம்மா கண்ணாடி வழியே தலையசைத்துவிட்டு அறுபத்து நாலிலேயே போனார். பாலத்தருகே கம்பம் பளிச்சென்று வெட்டியது. எழுபதுக்குக் கீழே போன ஒரு வண்டியை அது படம் எடுத்தது அந்த ஒரே முறைதான்.

படம் வூபேனாவிடம் வந்தது. ஸ்டியரிங்கில் டோம்மா, பக்கத்தில் மடியில் காகிதப் பொட்டலத்தோடு ஓக்கோ. ஓரத்தில் வேகம் அறுபத்து நாலு. தொழில்நுட்பக்காரர் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டியில் இருந்தவர்கள்தான் படத்திலும் இருக்கிறார்கள், ஆள் கூடவுமில்லை குறையவுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். வூபேனா இருவரிடமும் முறைப்படி சம்மதம் வாங்கி, ‘குற்றமில்லை’ என்று முத்திரை குத்திப் படத்தை அனுப்பிவைத்தார்.

அது இப்போது மீன் வண்டியில், விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. வியாழக்கிழமை வரிசையில் நிற்கிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். முத்திரையைப் படிப்பார்கள். பிறகு கானாங்கெளுத்தி இன்று என்ன விலை என்று கேட்பார்கள்.