ஒன்பதாவது குறிப்பு

...இல்லை, இதற்கு இரண்டு மார்க் போட முடியாது, கை வரவில்லை, வராத கையை என்ன செய்வது, இன்னும் பதினொரு விடைத்தாள் பாக்கி, நான்கு மணிக்குக் கட்டை ஒப்படைக்க வேண்டும், தலைக்கு மேலே மின்விசிறி சத்தத்தை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டுக் காற்றைத் தனக்கே வைத்துக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து முப்பது பேர் ஒரே கட்டுரையை எழுதியிருக்கிறார்கள். காப்பியத்தில் அரசியின் பண்புநலன்கள். முப்பது பேரும் 'பொறுமையே அரசி பூண்ட முதல் அணிகலன்' என்று தொடங்கி, எட்டுக் குறிப்பு எழுதி, எட்டுக்கும் அடிக்கோடு போட்டு முடித்துவிட்டார்கள். ஆசிரியையின் கண் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவும், நடுவில் இருப்பதை எவர் படிக்கிறார், போன வருஷம் ஒரு வாலு நடுவில் ஒரு சினிமாக் கதையையே எழுதி வைத்திருந்தது, அதற்கும் எட்டு மார்க் போட்டுவிட்டு மறுநாள் குளிக்கும்போதுதான் உறைத்தது. படிக்க என்ன இருக்கிறது, அந்த வாக்கியமே இவள் எழுதியதாயிற்றே! பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்த கையேடு, இன்றைக்கும் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், விடைக்குறிப்பு தயாரித்த குழுவில் எந்தப் புண்ணியவானோ அதை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார். கையேடு எழுதியவர்கள் விடைத்தாள் திருத்தக் கூடாது என்று விதி, தெரிந்தால் அவ்வளவுதான், அதனால் பதினைந்து வருஷமாக இவள் வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தாளில் ஒரு அடிக்கோடுகூட இல்லை, அதனால்தான் மாட்டிக்கொண்டாள், கண்ணுக்குத் தாவ இடமில்லாமல் முதல் வரியிலிருந்து படிக்க வேண்டியதாகிவிட்டது. 'அரசி பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாள் என்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் நாட்டை நடத்தினாள் என்று ஏன் சொல்வதில்லை?' அம்மாடி! யார் பிள்ளை இது? 'அரசன் போருக்குப் போனதும் கோட்டைச் சாவி அவளிடம்தான் இருந்தது. அவள் அழுததைப் புலவர் நாற்பது பாட்டில் பாடுகிறார். உடைந்த மதகைக் கட்டினாள் என்று ஒரே ஒரு வரி எழுதுகிறார். நான் அந்த ஒரு வரியைப் பற்றி எழுதப் போகிறேன்.' இந்த இடத்தில் நீல மை தீர்ந்து கறுப்பு மை, பேனா கடன் வாங்கியிருக்க வேண்டும், வாங்கின வேகத்தில் எழுத்து இன்னும் சாய்ந்து ஓடுகிறது, மதகைக் கட்ட ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும், கூலிக்கு வரி வேண்டும், வரி கொடுக்காதவனிடம் அழுதா கேட்டிருப்பாள், என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறது. ஆசிரியை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து மேஜைக்காரி தலையைத் திருப்பி, என்னக்கா, ஜோக்கா, எனக்கும் சொல்லுங்க என்றாள். முன்பக்கம் புரட்டிக் கூட்டிப் பார்த்தாள், மற்றக் கேள்விகளில் முப்பத்தொன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து. விடைக்குறிப்பின்படி இந்தப் பத்து மார்க் கட்டுரைக்கு முன்னுரைக்கு ஒன்று, முடிவுரைக்கு ஒன்று, ஆக இரண்டு, முப்பத்து மூன்றில் பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. இவள் சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்பது என்று போட்டாள், பெரிதாக, வட்டம் போட்டு.

வட்டம் காய்வதற்குள் முதன்மைத் தேர்வாளர் வந்து நின்றார், மனுஷருக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, கையில் பச்சைப் பேனா, அந்தப் பச்சைக் கையெழுத்து இல்லாமல் எந்தச் சிவப்பும் செல்லாது. கெட்டவர் இல்லை, இவளைவிட ஏழெட்டு வயது சின்னவர், இதே மேஜையில் இவள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தப் பழகியவர்தான். தாளை எடுத்துக் கட்டுரையை ஓட்டமாகப் படித்தார். "டீச்சர், குறிப்புல இல்லாததுக்கு ஒன்பதா? எட்டுல ஒண்ணுகூட எழுதலையே இந்தப் புள்ள." எழுதியிருக்கிற மற்றதைப் படித்தீர்களா என்றாள். "படிச்சேன், நல்லாத்தான் இருக்கு, யாரு இல்லேன்னா? மறுமதிப்பீடு, விசாரணைன்னு வந்தா நான்தானே பதில் சொல்லணும்? ரெண்டு போட்டுட்டு அடுத்ததைப் பாருங்க." மாட்டேன். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது, பக்கத்து மேஜையில் பேனா நின்றுவிட்டது. ஒன்பதில் அரை மார்க்கூடக் குறைக்க மாட்டேன் சார், நீங்கள் அடித்தால் நான் மறுபடி போடுவேன். அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப காரணத்தை எழுதிக் குடுங்க. குறிப்பு ஏன் தப்புன்னு எழுதுங்க. எனக்குப் புடிச்சிருக்குன்னு எழுதினா செல்லாது, சொல்லிட்டேன்." ஒரு வெள்ளைத்தாளை வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

குறிப்பு ஏன் தப்பு... அது இவளைத் தவிர யாருக்குத் தெரியும்? சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரத்தில் பெரியவளின் கணக்கு நோட்டு, இன்னொரு ஓரத்தில் சின்னவனின் வண்ணப் பென்சில்கள், நடுவில் இவள் உட்கார்ந்து எழுதிய கையேடு. வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலைக்குப் போய் அப்போது ஐந்தாவது வருஷம், மொத்தம் பதினொரு வருஷம், அதற்குள் வீடு கட்டினாள், சுவரைக் கோணலாக எழுப்பிவிட்டுப் பல்லைக் காட்டிய மேஸ்திரியிடம் இடித்துக் கட்டு என்று வெயிலில் நின்றாள், நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்தாள், மாமியாரை மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தாள், எல்லாம் முடிந்து அவர் பெட்டியோடு வந்து இறங்கியபோது சொந்தபந்தம் கூடி, எவ்வளவு பொறுமைசாலி, பதினொரு வருஷம் காத்துக்கிட்டு இருந்தாளே என்று உச்சுக்கொட்டியது. இவளும் தலையைக் குனிந்து சிரித்து வைத்தாளே, அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அன்று சாப்பாட்டு மேஜையில் எழுதியது எட்டுக் குறிப்பு இல்லை, ஒன்பது. ஒன்பதாவது, நாட்டை நடத்திய திறம். அந்த மதகு வரியை இவளும் பார்த்திருந்தாள்! பதிப்பகக்காரர் போனில் கூப்பிட்டு, ரெண்டு பக்கத்துக்கு மேல போகுதும்மா, ஒரு குறிப்பை எடுத்துடுங்க என்றார், எடுத்துவிட்டாள். அன்றைக்கு எடுத்தது பதினைந்து வருஷமாக எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் தலையில் இல்லாமலே போயிற்று, எடுத்த இடத்தை எங்கிருந்தோ ஒரு பிள்ளை கடன் பேனாவில் எழுதி நிரப்பியிருக்கிறது, அதைத் தோற்கடிக்க இவளையே கூப்பிடுகிறார்கள். முடியாது.

எழுதினாள். 'விடைக்குறிப்பு முழுமையானதன்று. அது ஒரு கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அக்கையேட்டில் முதலில் ஒன்பது குறிப்புகள் இருந்தன. இம்மாணவர் எழுதியிருப்பது விடுபட்ட ஒன்பதாவது. இது எனக்குத் தெரியும், ஏனெனில் கையேட்டை எழுதியவள் நான்.' எட்டிப் பார்த்த பக்கத்து மேஜைக்காரி, "ஐயோ அக்கா, கிழிச்சுப் போடுங்க, அடுத்த வருஷம் முதன்மையா உங்களைத்தானே போடுறதா இருந்தாங்க" என்று கிசுகிசுத்தாள். போடாவிட்டால் போகட்டும், பச்சைப் பேனா இல்லாமல் செத்தா போய்விடுவாள்? கையெழுத்தை முழுப் பெயராகவே போட்டாள், கையேட்டில் போடாததற்கும் சேர்த்து. முதன்மைத் தேர்வாளர் வந்து படித்தார், இன்னொரு முறை படித்தார், "இது மேல போகும் டீச்சர், இனிமே இந்தப் பக்கமே வர முடியாது உங்களால" என்றார். தெரியும் சார், கையெழுத்துப் போடுங்கள். அவர் குனிந்து ஒன்பதுக்குப் பக்கத்தில் பச்சையில் போட்டார்.

நாற்பது. தேறிவிட்டது பிள்ளை. அப்பாடா என்று அடுத்த தாளை இழுத்தாள், 'பொறுமையே அரசி பூண்ட முதல் அணிகலன்', வா வா, உன்னைத்தான் காணோமே என்று பார்த்தேன்... எல்லாம் அந்தப் பதிப்பகக்காரரால் வந்தது, இரண்டு பக்கமாம், அளந்து வைத்திருந்தார்... ஆனால் அவர் என்ன சொன்னார், ஒரு குறிப்பை எடுங்கள் என்றார், எது என்று இவள் கேட்டாள், எதுவானாலும் சரிம்மா என்றுதானே சொன்னார்? இன்சொல் இருந்தது, விருந்தோம்பல் இருந்தது, எதை எடுத்திருந்தாலும் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. போனை வைத்த கையோடு, கொதிக்கிற பாலை இறக்க ஓடுவதற்குள், ஒரு நொடிகூட யோசிக்காமல், இவள் பேனா நேராக ஒன்பதாவதின் மேல்தான் போய் நின்றது. அதை எடு என்று இவளிடம் யார் சொன்னது? சிவப்புப் பேனா முதல் அடிக்கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தது, பக்கத்து மேஜைக்காரி, அக்கா மணி மூணே முக்கால் என்றாள்.