வெறும் தட்டு

1

இந்தக் கதையை நானாக எழுதத் தொடங்கவில்லை. அக்கா கேட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிற ரகம் இல்லை. நான் எழுதுவதை ஒரு வேலை என்றே ஒப்புக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவள் சமையலறை வாசலில் நின்று, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "டேய், ரேடியோவைப் பத்தி ஒரு கதை எழுதேன்" என்றாள்.

ரேடியோ அவளுடைய சிநேகிதி. ஒரே ஆய்வகத்தில் பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அக்கா சாயம் செய்பவள். ரேடியோ உயிர்ச்செல் வளர்த்து, அதற்கு அந்தச் சாயத்தை ஊட்டி, நுண்ணோக்கியில் படமெடுப்பவள். இருட்டறையில் வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் அந்தப் பெயர்.* இப்போது அக்காவோடு மட்டும் பேசுவதில்லை.

"மெயில் போட்டா திறக்க மாட்டேங்கிறா. போனையும் எடுக்க மாட்டேங்கிறா. ஆனா பத்திரிகையில கதை வந்தா ஒண்ணு விடாம படிப்பா. உன் கதையைக்கூடப் படிப்பா."

அந்தக் 'கூட'வை நான் பெரிதுபடுத்தவில்லை.

(* பேச்சுக்கு ஆள் இல்லாவிட்டால் செல்களோடு பேசுவாளாம். "ஏய், நகராதே, மூஞ்சியைக் காட்டு." இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தாள், பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.)

2

முதல் தொடக்கம்: "அன்று இருட்டறையின் ஜன்னலில் மழை சாரலாக—"

"இருட்டறைக்கு ஏதுடா ஜன்னல்?"

இரண்டாவது: "செல்களும் மனிதர்களைப் போலத்தான், ஒன்றோடொன்று பேச ஏங்கி—" இதை நானே அடித்துவிட்டேன்.

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: ஒரு செல்லுக்குத் தொல்லை வந்தால் அதற்குள் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடு ஊறும். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதேதான். செல்லுக்குள் அது ஒரு சேதி. ஏதோ சரியில்லை என்று மற்ற பாகங்களுக்குச் சொல்லும் சேதி. கண்ணுக்குத் தெரியாது. அக்கா செய்த சாயம் அதைத் தொட்டதும் பச்சையாக ஒளிரும், செல் உயிரோடு இருக்கும்போதே. படங்கள் வந்தன, இருவர் பேரிலும் கட்டுரை வந்தது, ஆய்வகத்தின் பேராசிரியர் போகிற இடமெல்லாம் அந்தப் பச்சையைக் காட்டினார்.

3

[வாசகர் இங்கே ஒரு விபத்தை எதிர்பார்ப்பார். இருக்கிறது.]

ஒரு மாலை, லென்ஸைச் சரிபார்ப்பதற்காக அக்கா செல் வளர்க்கும் சின்னத் தட்டு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தாள். செல்லே இல்லாத தட்டு; சாயமும் உப்புநீரும் மட்டும். விளக்கை அணைக்காமல் டீ குடிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது தட்டு பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. சேதி சொல்ல அதில் யாருமே இல்லை.

விளக்குதான் காரணம். எந்த ஒளியால் பார்த்தார்களோ, அந்த ஒளியே சாயத்தைக் கெடுத்து ஒளிரவைத்திருக்கிறது. பார்க்கப் பார்க்க இன்னும் பிரகாசம். அப்படியானால் கட்டுரையில் காட்டிய பச்சையையும் நம்ப முடியாது. [நானும் அக்காவை இப்படித்தான்— "உவமையெல்லாம் வேண்டாம். இன்னொரு தட்டு வச்சுப் பார்த்தேன், அதை எழுது." அதுவும் ஒளிர்ந்தது.]

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அன்றைக்கே பேராசிரியருக்கு எழுதிவிட்டாள். ரேடியோ அப்போது வேலைக்கான நேர்காணலுக்காக வெளியூர் போயிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. நேர்காணல் குழுவில் பேராசிரியரின் நண்பர் ஒருவர் இருந்தார். அவருக்கு விஷயம் போய்விட்டிருந்தது. ரேடியோ அந்தப் படத்தைத் திரையில் போட்டு, உற்சாகமாகப் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் சொன்னார். வேலை கிடைக்கவில்லை.

"ஏன்க்கா ஒரு போன் போடல?"

"போட்டா அழுவா. நேர்காணல் முடியிற வரைக்கும் சும்மா இருன்னு கெஞ்சுவா. நானும் இருந்துடுவேன். அதான்."

4

எனக்குச் சிக்கல் ரேடியோ என்ற பாத்திரத்தில். செல் இல்லாத வெறும் தட்டு ஒன்றையும் அதே விளக்கில் வைத்துப் பார்த்திருந்தால் தொடக்கத்திலேயே குட்டு உடைந்திருக்கும். எல்லா ஆய்வகத்திலும் செய்கிற காரியம்தான். படமெடுத்தவள் ரேடியோ. ஆக, பேச்சு சுவாரஸ்யத்தில் வெறும் தட்டைக் கோட்டை விட்டிருக்கிறாள். எனக்கு இது பிடித்துப்போனது. தப்பு பாத்திரத்தின் குணத்திலிருந்தே முளைக்கிறது பாருங்கள்! ஒரு பத்தி ரசித்து எழுதி அக்காவிடம் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அவ மறக்கல."

"அப்புறம்?"

"கேட்டா. வெறும் தட்டு ஒண்ணு போட்டுப் பார்த்துடலாமான்னு கேட்டா. மெஷின் கிடைக்கிறதே கொஞ்ச நேரம், அதைப் போய் வீணாக்கணுமா, என் சாயத்தைப் பத்தி எனக்குத் தெரியாதான்னு நான்தான் கத்தினேன்."

"இதை நீ சொன்னதே இல்லையேக்கா."

"யார்கிட்டயும் சொன்னதில்ல." என் பேனா மூடியை எடுத்துத் திருகிக்கொண்டே இருந்தாள். "ஏன் வெறும் தட்டைப் பார்க்கலன்னு நேர்காணல்ல கேட்டாங்களாம். அந்த நண்பர்தான் பிற்பாடு சொன்னார். இவ என் பேரைச் சொல்லல. பேசாம நின்னாளாம். அவ, பேசாம."

எழுதிய பத்தியைக் கிழித்தேன். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

5

முடிவு ஒன்று: ரேடியோ கதையைப் படித்துவிட்டு வந்து அழைப்பு மணியை அழுத்துகிறாள். அக்கா கதவைத் திறந்ததும் இருவரும்—

"வேண்டாம்."

முடிவு இரண்டு: வருடங்கள் கழித்து ஒரு கருத்தரங்கில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்—

"வேண்டாங்கிறேன்ல."

முடிவு மூன்று: ரேடியோ படிக்கிறாள், பக்கத்தைப் புரட்டுகிறாள், அடுத்த கதைக்குப் போய்விடுகிறாள்.

இதற்கு அக்கா பேனா மூடியை மேஜையில் வைத்தாள். பிறகு, "அதுவும் வேண்டாம்" என்றாள். "மன்னிக்கிறதும் மன்னிக்காததும் அவ பாடு. அவளைக் கேக்காம நான் முடிவு பண்ணதே போதும். இப்ப நீ வேற பண்ணாதே."

"பின்ன கதையை எப்படி முடிக்கிறது?"

"நான் சொல்றதை எழுது. அழகு பண்ணாம எழுது."

6

அவள் சொல்லி நான் எழுதியது: "வெறும் தட்டு வேண்டாம்னு சொன்னது நான். அவ கேட்டா. நான் தடுத்தேன்."

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். உங்களுக்கு இந்தக் கதையில் முடிவு கிடையாது.

ரேடியோக்கா, இதுவரை படித்திருந்தீர்கள் என்றால்: மேலே உள்ள வரிகளை, தன் பெயரோடும் உங்கள் பெயரோடும், பேராசிரியருக்கும் அந்த நேர்காணல் குழுவில் இருந்த எல்லோருக்கும் அனுப்புவதற்கு அக்கா எழுதி வைத்திருக்கிறாள். இன்னும் அனுப்பவில்லை. நீங்கள் அன்று ஏன் அவள் பெயரைச் சொல்லாமல் நின்றீர்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இன்னொரு தடவை உங்களைத் தாண்டிப் போக அவளுக்கு மனமில்லை. உங்களைக் கேட்கச் சொன்னாள்.

அனுப்பட்டுமா?