ரேஞ்ச் பாறை

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், போன் என்பது மணி பார்க்கவும் டார்ச் அடிக்கவும் மட்டும்தான். பேச வேண்டும் என்றால் பாறைக்கு ஏற வேண்டும். பள்ளிவாசல் பக்கம் எத்தனையோ எஸ்டேட்டுக்கு டவர் வந்துவிட்டது. எங்கள் மேல் டிவிஷன் மீது மட்டும் எந்த போன் கம்பெனிக்காரனுக்கும் மனசு இரங்கவில்லை. லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறினால் ஒரு மொட்டைப் பாறை வரும். டிராக்டர் ரோடும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதன் அடியில்தான் போய் முடியும். பாறை மேல் உட்கார்ந்தால் போனில் நாலு கட்டை ரேஞ்ச் காட்டும். கல்யாணம் பேசுவது, ஊரில் இருக்கும் பங்காளியோடு சண்டை போடுவது, பரீட்சை ரிசல்ட் பார்த்து அழுவது எல்லாம் அங்கேதான். அதனால் அதற்குப் பெயரே ரேஞ்ச் பாறை.

என் கம்பெனியும் அங்கேதான் இருக்கிறது. சிரிக்க வேண்டாம். பதினேழு வயசு லயத்துப் பெண் வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனி ஆரம்பித்திருக்கிறாள் என்றால் சிரிப்பு வரும்தான். என் அம்மா செபமாலையம்மாள் முதலில் சிரித்தாள், அப்புறம் திட்டினாள். பிளஸ் டூ முடித்தவள் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர வேண்டும், இல்லாவிட்டால் நர்சிங் போக வேண்டும், பாறை மேல் உட்கார்ந்து குரங்குக்குத் துணையாக இருக்கக் கூடாது என்றாள். நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. 'ரேஞ்ச் வெப்' என்று பெயர் வைத்தேன். சித்தப்பா மகன் தூக்கிப் போட்ட லேப்டாப்பில் வீட்டில் உட்கார்ந்து பக்கத்தைக் கட்டுவேன், பாறைக்குப் போய் போனிலிருந்து நெட் எடுத்து மேலே ஏற்றுவேன். மழை வந்தால் அம்மா கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் சீட்டை லேப்டாப்புக்குப் போர்த்திவிட்டு நான் நனைவேன்.

முதல் கஸ்டமர் ஜோஸ் மாமா. எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எஸ்டேட்டுக்கு வெளியே, கீழே பாலத்தருகில் வீடு கட்டி, அதில் இரண்டு அறையை ஹோம்ஸ்டே ஆக்கியிருக்கிறார். வேறு யாரும் என்னை நம்பாதபோது, "நம்ம பிள்ளை செய்யட்டும்" என்று அவர் ஒருவர்தான் சொன்னார். அவருக்குச் செய்த பக்கத்தை நானே எத்தனை தடவை திறந்து பார்த்து ரசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மஞ்சு மூடிய மலை, மாமி சுட்ட கள்ளப்பம், ஜன்னலுக்கு வெளியே ஆறு. கீழே பச்சை நிறத்தில் ஒரு பட்டன்: 'எங்கள் வீட்டுக்கு வழி'.

அந்தப் பட்டன்தான் எமனாக வந்தது.

நேற்றுக் காலையில் வாச்சர் பிச்சைமணி அண்ணன் லயம் லயமாக வந்து சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் பாறைக்குப் பின்னால் யூக்காலிக் காட்டில் நிற்கிறார், யாரும் மேலே போகக் கூடாது. யானை என்ற சொல்லை நாங்கள் வாயில் எடுப்பதில்லை. பெரியவர் என்றுதான் சொல்வோம். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வீடுகளிலும் அப்படித்தான். போன மழைக்காலத்தில் எங்கள் வரிசையில் இருந்த வேலுத்தாய் அக்கா மகனோடு பேசிவிட்டு வருகிறேன் என்று பாறைக்குப் போனாள். அவள் முகத்தை அப்புறம் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

அதனால் நேற்று பகல் முழுக்க நான் வீட்டில் அடைந்து கிடந்தேன். கம்பெனி லீவு. சாயங்காலம் மஞ்சு இறங்கி எதிர் லயம் மறைந்து கொண்டிருந்த நேரம், வேலை முடிந்து வந்த அம்மா வாசலில் கால் கழுவிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்.

"ஏட்டி, யாரோ கார்க்காரவுக ஜோஸ் வீட்டக் கேட்டாக. கீழ பாலத்துகிட்டன்னு சொல்லுதேன், அந்த ஆளு போனக் காட்டி, மேலதான் இருக்குன்னு எனக்கே வழி சொல்லுதான். மேல பெரியவர் நிக்காருன்னு சொல்லுததுக்குள்ள கண்ணாடிய ஏத்திட்டுப் போயிட்டான். கைப்பிள்ள வேற வச்சிருக்காக."

அம்மாவுக்கு அந்த ஆளின் திமிர் மீதுதான் கோபம். எனக்கு அந்தப் பச்சைப் பட்டன்தான் ஞாபகம் வந்தது.

ஜோஸ் மாமா வீட்டில் ரேஞ்ச் கிடையாது. போட்டோ எடுத்ததெல்லாம் அங்கே, பக்கத்தை ஏற்றியது பாறையில். வழிப் பட்டனை வைக்கும்போது, இடம் எது என்று மேப் கேட்டது. கீழே இரண்டு வழி: விலாசம் எழுது, அல்லது 'இப்போது இருக்கும் இடம்'. விலாசம் என்று எங்களுக்கு எதை எழுதுவது? மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், பாலம், கோயில் எல்லாவற்றுக்கும் ஒரே தபாலாபீஸ், ஒரே பின்கோடு. எங்கே இருக்கிறாய் என்று யார் போனில் கேட்டாலும் பாறையில் இருந்துகொண்டு "வீட்டுலதான்" என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். நானும் யோசிக்காமல் 'இப்போது இருக்கும் இடம்' என்பதை அழுத்தினேன். இதுவரை வந்தவர்கள் முதல் நாளே எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்கள், மாமா ஜீப்போடு ரோட்டில் காத்திருந்து அழைத்துப் போனார். நேற்று அவர் ஒரு அடக்கத்துக்காக ஆனைக்கரை வரைக்கும் போயிருந்தார். வந்தவர்கள் பட்டனை அழுத்திவிட்டார்கள்.

கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு பெரியவர் நிற்கும் இடத்துக்குப் போகிறார்கள். அனுப்பியது நான்.

போன் பண்ணிச் சொல்லலாம் என்றால் அதற்கும் பாறைக்குத்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டு ஜின்சியிடம் வாச்சரைக் கூட்டிவரச் சொல்லிக் கத்திவிட்டுக் குறுக்குப் பாதையில் ஓடினேன். பின்னால் அம்மா என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். கொஞ்ச தூரத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று தெரியும். அவ்வளவு பயம்.

மஞ்சுக்குள் தேயிலைச் செடி ஒவ்வொன்றும் அசைவதாகத் தெரிந்தது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன், அடுத்த வார்த்தை வரவில்லை. நாலு வயசிலிருந்து சொல்கிற ஜெபம். திரும்பத் திரும்ப அந்த மூன்று வார்த்தையையே சொல்லிக்கொண்டு ஏறினேன்.

காரின் விளக்கு முதலில் தெரிந்தது. பாறையடியில், ரோடு முடியும் இடத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. ஒருவர் வெளியே நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று மேப்பில் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு ஒரு வாடை வந்தது. ஈரச் சாணியும் நசுங்கிய யூக்காலி இலையும் கலந்த வாடை. பக்கத்தில்தான்.

"ஏனுங்க, இங்க ஜோஸ் ஹோம்ஸ்டேங்கறது..." என்று அவர் தொடங்கினார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் முதல் தடவையாக வந்தது. "ஆனை. ஏறுங்க. கதவ அடிச்சுச் சாத்தாதீங்க."

அவர் முகம் வெளுத்துப் போனது. சத்தமில்லாமல் ஏறினார். நான் பின் சீட்டில், பிள்ளையை மடியில் வைத்திருந்த அவர் மனைவி பக்கத்தில் நுழைந்தேன். வண்டியைத் திருப்பலாமா என்று அவர் கேட்கும்போதே விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில் மஞ்சு கறுத்தது. கறுத்த இடத்தில் ஒரு கால் இருந்தது. விளக்கையும் இன்ஜினையும் அணைக்கச் சொன்னேன். அணைத்தார். அந்த மேப் குரலும் நின்றது.

பெரியவர் அவசரமில்லாமல் ரோட்டில் இறங்கினார். காருக்குப் பின்னால், நாங்கள் கீழே போக வேண்டிய வழியை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு விடுவது கேட்டது. அந்தப் பெண் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் பெயர் செல்வப்பிரியா, அவர் கௌசிக், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயக் குடும்பம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது அந்தப் பிள்ளை தூங்குகிறது, விழித்துவிடக் கூடாது என்பது மட்டும்தான்.

பிள்ளை விழிக்கவில்லை. என் போன் விழித்தது.

காலையிலிருந்து செத்துக் கிடந்த போன். பாறையடிக்கு வந்ததும் அதற்கு உயிர் வந்துவிட்டது. பகல் முழுக்க வந்து சேராமல் கிடந்த மெசேஜ் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மணியடித்துக்கொண்டு இறங்கின. கோயில் பாட்டுக் குழு, பிளஸ் டூ குரூப், சித்தப்பா அனுப்பும் காலை வணக்கம். பாறைக்கு வரும் எல்லோருக்கும் இது நடக்கும், ஏறியவுடன் சிரித்துக்கொண்டே கேட்போம். நேற்று என் உயிர் போனது. போனை வயிற்றோடு அமுக்கி அதன் மேல் குனிந்து படுத்தேன். அப்படியும் அடித்தது. கார் லேசாக ஆடியது. பின் கண்ணாடியில் ஏதோ உரசியது, மெதுவாக, மேலிருந்து கீழே. நான் அழுதேன். சத்தம் வராமல் அழ முடியும் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

எப்படியோ பட்டனைத் தேடி அமுக்கிச் சத்தத்தைக் குறைத்தேன். வெளிச்சத்தை மறைக்கப் பாவாடைக்குள் பிடித்தபோது கடைசி மெசேஜ் கண்ணில் பட்டது. என் வெப்சைட்டிலிருந்து வந்தது. இன்னொரு அறைக்கு ஆள். வேனில் குடும்பமாக வருகிறார்களாம், வயசானவர்களும் பிள்ளைகளும் உண்டாம், மேப் போட்டுவிட்டார்களாம், இருட்டுவதற்குள் வந்துவிடுவார்களாம்.

மேலே வராதீங்க, பாலத்துகிட்ட நில்லுங்க என்று அடித்தேன். மூன்று தடவை தப்பாகப் போனது. அனுப்பினேன். ஒரு டிக் மட்டும் விழுந்தது. கீழே பள்ளத்தில் அவர்களுக்கு ரேஞ்ச் இல்லை. நம்பரைக் கூப்பிட்டேன், போகவில்லை. பிறகு என் பக்கத்தைத் திறந்து மொத்தமாக அழித்தேன். மலை, கள்ளப்பம், ஆறு, பச்சைப் பட்டன் எல்லாம் போனது. ஏற்கெனவே கிளம்பிவிட்டவர்களை அது திருப்பாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் யாரோ அழுத்துவார்கள் என்று பயந்தேன்.

தலையைத் தூக்கினால் கீழே மஞ்சுக்குள் இரண்டு மஞ்சள் விளக்கு. பாலம் தாண்டி எஸ்டேட் ரோட்டில் திரும்பி ஏறின. ஒரு வளைவு ஏறின. இரண்டாவது வளைவும் ஏறின. எங்கள் லயத்துக்கு மேல் வந்துவிட்டால் நிறுத்த யாரும் இல்லை. நேராகப் பெரியவர் மீதுதான் வந்து நிற்கும். நான் செல்வப்பிரியாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன், அவளுக்கு வலித்திருக்கும்.

லயத்தருகில் விளக்கு நின்றது.

அணையவில்லை, நகரவும் இல்லை. ஹாரன் அடித்தது, விட்டு விட்டு, கோபமாக. பெரியவர் அந்தச் சத்தத்துக்குக் காதை விரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ரோட்டை விட்டு இறங்கி யூக்காலிக்குள் போனார். கிளை முறியும் சத்தம் தூரத்தில் கேட்கும் வரைக்கும் நாங்கள் அசையவில்லை. வாச்சரும் ஆட்களும் டிராக்டரில் லைட் அடித்துக்கொண்டு வந்து எங்களைக் கீழே கூட்டிப் போனார்கள்.

லயத்துக்கு முன்னால் வேன் நின்றிருந்தது. அதற்கு முன்னால், நடு ரோட்டில், கொழுந்து எடுக்கும் பிளாஸ்டிக் சீட்டு இடுப்பில் கட்டியபடியே அம்மா சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வேன் டிரைவர் மலையாளத்தில் அவளைத் திட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. மேலே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கியதும் என் முகத்தையும் கையையும் காலையும் தடவிப் பார்த்தாள்.

"ஒம் பின்னாலதான் ஓடி வந்தேன். அப்பம் பாலத்துக்கு அங்கிட்டு, தூரத்துல இந்த வண்டி வெளிச்சம் தெரிஞ்சிச்சு" என்றாள். "மொத வண்டிய விட்டது நான்லா. இதையும் விட்டுட்டு ஒங்கிட்ட எப்பிடி வர?"

நான் உயிரோடு இருக்கிறேனா என்று தெரியாமலே அவள் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

கௌசிக் காரிலிருந்து இறங்கி வந்தார். பயம் தெளிந்தவுடன் அவருக்குக் கோபம் வந்திருந்தது, வராமல் என்ன செய்யும். "ஏனுங்க, பச்சப் புள்ளையோட வந்திருக்கறோம். இந்த எடத்தப் போட்டது யாருங்க?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

என் வாய் ஊருக்கே தெரிந்த வாய். அது திறக்கவில்லை. அம்மா பிளாஸ்டிக் சீட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கம்பெனிதான் சார் போட்டுச்சு" என்றாள். "தப்பு எங்களுதுதான்."