லாரி ஸ்டார்ட் ஆகும்வரை கூரையில் இருந்தவர்

லாரி ஸ்டார்ட் ஆகாத காலைகளில் லாரிக்காரர் படுக்கையறைக் கூரையில் முதுகை ஒட்டிக்கொண்டு கிடந்தார். முதல் நாள் ஒரு முழம்தான் எழும்பினார். பத்தாம் நாள் மின்விசிறியைக் கழற்றி மூலையில் வைக்க வேண்டியதாயிற்று. கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள், கட்டிலும் கூடவே போயிற்று. லாரி பத்தொன்பது வயதான பெட்ரோல் வண்டி, பெட்ரோலை என்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்த புதிதில் வாங்கியது. சாயங்காலம் அணைத்தால் மறுநாள் காலை லேசில் உயிர் பிடிக்காது. அவர் மேலே இருந்ததால் மனைவியே போய் ஸ்டார்ட்டரைக் கதறக் கதறச் சுற்றுவார். என்ஜின் பிடித்த நொடியில் உள்ளே தொப்பென்று சத்தம் கேட்கும். ஒன்பது நாள் சத்தத்துக்குப் பிறகு இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அந்த அம்மாள் கண்டுபிடித்தார். லாரிக்காரர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு "ம்" என்றார். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவர் பேசியதில் பாதி அந்த "ம்"தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல மனிதர் இருந்தார்.

ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு ஆறு மணிக்குள் ரொட்டி போய்ச் சேர வேண்டும். அந்த வேலையில்தான் வீடு ஓடியது. இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. "மூணாவது தடவை லேட்டானா வேற வண்டி பாத்துக்குவோம்" என்று மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் கெட்ட சேதியை அப்படித்தான் சொல்வார். தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னதைக் கேட்டு பேட்டரி, பிளக், ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஸ்டார்ட்டர் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. லாரிக்காரர் கூரையிலேயே இருந்தார்.

கடைசியில் நிதானத்தைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர் அது. ஒரு நட்டைக் கழற்றும் முன் அதை மூன்று பக்கமும் சுற்றிவந்து பார்ப்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார், ஆச்சரியப்படவில்லை. "வண்டிய அணைச்சாலும் பெட்ரோல் குழாயில அழுத்தம் நிக்கணும் அக்கா. இதுல நிக்கல. போன அழுத்தம் எங்கயாவது போய்த்தானே ஆகணும்?" என்றார். அழுத்தம் பார்க்கும் மீட்டரின் முள் எப்போதோ ஒட்டிக்கொண்டுவிட்டதால், மீட்டரைப் பையில் போட்டுவிட்டு அதற்குப் பதில் லாரிக்காரரை நாற்காலியில் உட்காரவைத்தார். முதல் நாள் மத்தியானம் என்ஜினை அணைத்து, டேங்குக்குத் திரும்பும் குழாயை இடுக்கியால் நெருக்கினார். லாரிக்காரர் வழக்கம்போல அரை மணிக்கு ஒரு சாண் எழும்பினார், கசிவு அங்கே இல்லை. மனைவி சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மறுநாள் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் எல்லாம் உலர்ந்திருந்தன, இன்ஜெக்டர் ஒழுகவில்லை. மூன்றாம் நாள் டேங்கிலிருந்து வரும் குழாயை நெருக்கினார். அன்று சாயங்காலம்வரை லாரிக்காரர் நாற்காலியில் சாதாரண மனிதர்போல உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

பெட்ரோலைப் பின்னால் போகவிடாமல் தடுக்கும் வால்வு பம்புக்குள் தேய்ந்துபோயிருந்தது. புதுப் பம்பு வர நாற்பது நாள் ஆகும். பழைய ரப்பர்க் குழாயைத் தினமும் நெருக்கினால் வெடித்துவிடும். "அதுவரைக்கும் ஸ்டார்ட்டரத் தொடாதீங்க. சாவிய ஆன்ல போட்டு ரெண்டு எண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க. பம்பு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தும். நாலாவது தடவை ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் நிதானம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்? மறுநாள் காலை மனைவி லாரியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். படுக்கையறை ஜன்னலைப் பார்த்து, "என்னங்க, இறங்கிட்டீங்களா?" என்று கத்தினார். "இன்னும் ரெண்டு முழம்!" என்று பதில் வந்தது. நாலாவது திருப்பலில் லாரி ஒரே சுற்றில் பிடித்தது, லாரிக்காரர் செருப்புக்குள்ளேயே இறங்கினார். ரொட்டி ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை.

அந்த நாற்பது நாளில்தான் லாரிக்காரர் பேச ஆரம்பித்தார். கூரையில் வேறு என்னதான் செய்வது? முதலில் ஒட்டடையைப் பற்றிச் சொன்னார். அப்புறம் ஒருநாள், புடவையை மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம், "உன் வகிட்டுல நரை வந்திருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றார். இன்னொரு நாள், "கல்யாணத்தன்னிக்கே உங்கிட்ட நிறையப் பேசணும்னு இருந்தேன். பேசினா எதையாவது கெடுத்துடுவேனோன்னு பயம். அப்படியே பழகிப்போச்சு" என்றார். மனைவி அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றார், கழுத்து வலித்தது. சந்தோஷமாக இருந்தது, இதைக் கேட்கப் பதினாறு வருடம் ஆயிற்றே என்று கோபமாகவும் இருந்தது.

புதுப் பம்பு வந்தது. நிதானம் மாட்டினார். லாரி தொட்டவுடன் பிடித்தது. லாரிக்காரர் கட்டிலிலேயே கண்விழித்து, காபி குடித்து, "சாவி எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாளும் "சாவி எங்க?" தான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் மனைவி. எட்டாம் நாள் லாரிக்காரரை லாரியோடு வரச்சொல்லிவிட்டு நிதானத்தின் பட்டறைக்கு நடந்தார்.

"அந்தப் பழைய பம்பு இருக்கா தம்பி?"

"இருக்கு. ஆனா அது ஓட்டை அக்கா."

"தெரியும். நாலு தடவை சாவி போட்டா ஸ்டார்ட் ஆகுதுல்ல?"

"ஆகும்."

"அப்ப மாட்டுங்க."

நிதானம் அந்த அம்மாளை மூன்று பக்கமும் சுற்றிவந்து பார்க்கவில்லை. உடனே ஸ்பேனரை எடுத்தார். அவர் எதையும் உடனே செய்து ஊர் பார்த்தது அந்த ஒரு தடவைதான். லாரிக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். வேண்டாமென்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் பதினோரு வருடம் அந்த லாரி ஓடியது. ரொட்டி ஒருநாளும் தாமதமானதில்லை. அந்த வீட்டில் மட்டும் அலாரம் அரை மணி முன்னதாக அடித்தது. மனைவி லாரியில் உட்கார்ந்து மூன்று தடவை சாவியைத் திருப்புவார். நாலாவதற்கு முன் கையை மடியில் வைத்துக்கொண்டு, திறந்திருக்கும் ஜன்னலைப் பார்ப்பார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதந்தபடி லாரிக்காரர் இன்னும் சொல்லி முடித்திருக்க மாட்டார்.