வண்டிக்கு ஒரு நேர்ச்சை

பழைய எண்ணெய் கடைசிச் சொட்டுவரை சட்டியில் வடிந்ததும், டிரைவர் ஜீவமணி அடைப்பை முறுக்கிவிட்டு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். காசிலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான். கையில் ஐந்து லிட்டர் இஞ்சின் எண்ணெய்த் தகர டின். டின்னுக்குச் சந்தனம் வைத்திருந்தான்.

சாயர்புரத்து மிஷன் மருந்தகத்தின் அந்த வேனுக்கு, எழுபத்தாறாம் வருஷத்தில், இருபத்தைந்து வயது. வியாழக்கிழமைதோறும் இரண்டு மணிக்கு முத்தையாபுரம் உப்பளத்துக்குக் கிளம்பும். அங்கே கைக்குழந்தைகளோடு பெண்கள் காத்திருப்பார்கள். இஞ்சின் பழுதானால் மாற்ற வேறு வண்டி கிடையாது. போன மாதம் ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்து வயற்காட்டுக் கிராமத்திலிருந்து, பிரசவ வலியில் துடித்த காசிலிங்கத்தின் மனைவி முப்பிடாதியைத் தூத்துக்குடிக்குக் கொண்டு சேர்த்ததும் இந்த வேன்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தால் வண்டிக்குத் தன் கையால் எண்ணெய் ஊற்றுவதாக அவன் அன்றைக்கே நேர்ந்துகொண்டான்.

ஜீவமணி டின்னைத் திறந்து, ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். தண்ணீராக ஓடியது.

“தம்பி, இதை யாரு எடுத்துக் குடுத்தா?”

“நானேதான் அண்ணாச்சி. கடைக்காரரு ரெண்டு காட்டுனாரு. ஒண்ணு கருப்பட்டிப் பாகு கணக்கா வழியுது. கசண்டுன்னு தள்ளிட்டேன். இது பாருங்க, என்ன தெளிவு! பெருமாள் கோயில் விளக்குக்கு எங்க வீட்டு எண்ணெய்தான் போவுது. எனக்குத் தெரியாதா?”

மருந்தகத்து நர்ஸ் அற்புதமணி ஜீவமணியைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனாள். “ஊத்திட்டுப் போவட்டும் அண்ணாச்சி. அவரு போன பொறவு வடிச்சிக்கிடலாம். பாவம், மனசு ஒடஞ்சிரும்.”

“அவன் கடவுளுக்குச் சொன்ன சொல்லும்மா. அதை நாம சட்டியில வடிச்சிரவா?”

ஜீவமணி சீட்டுக்கு அடியிலிருந்து தம்முடைய நாற்பது நம்பர் கெட்டி எண்ணெய் டின்னை எடுத்தார். சாய்ந்திருந்த பானெட் தகட்டில் அதில் ஒரு சொட்டும் காசிலிங்கத்தின் எண்ணெயில் ஒரு சொட்டும் பக்கத்தில் பக்கத்தில் விட்டார். வெயிலில் தகடு கொதித்துக்கொண்டிருந்தது. தெளிந்த சொட்டு சரசரவென்று இறங்கிக் கீழே விழுந்தது. மற்றது தகட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தது.

“உள்ள இரும்பும் இரும்பும் உரசாம நடுவுல எண்ணெய் நிக்கணும் தம்பி. இது தேஞ்ச இஞ்சின். இடைவெளி அகலமாயிட்டு. உங்க எண்ணெய் நல்லதுதான். ஆனா இதுல நிக்காது, ஓடிரும். டாக்டரய்யா காரு புதுசு. அதுக்கு ஊத்தச் சொல்லுதேன்.”

காசிலிங்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு சொட்டையும் மறுபடி விடச் சொன்னான். குனிந்து உட்கார்ந்து பார்த்தான்.

“நெல்லுக்குத் தண்ணி நிறுத்துதவன் நான். நிக்குத எண்ணெய் பார்க்கத் தெரியாமப் போச்சே,” என்றான். பிறகு, “உங்க டின்னைத்தான் ஊத்துவீங்களோ?”

“ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கணும். அதுவரைக்கும் திறக்க மாட்டேன்.”

அவன் வேறு எண்ணெய் வாங்கிவர, செருப்பைக்கூட மாட்டாமல் தூத்துக்குடி பஸ்ஸுக்கு ஓடினான்.

பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. தூத்துக்குடியிலிருந்து வந்த இரண்டு பஸ்களிலும் காசிலிங்கம் இல்லை. மருந்துப் பெட்டிகள் ஏறிவிட்டன. ஜீவமணி பானெட்டைத் திறந்து வைத்து, தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு, “ஆண்டவரே, அவன் வாக்கைக் காப்பாத்தும்,” என்று மட்டும் சொன்னார். இரண்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் ஓர் உப்பு லாரி வாசலில் நின்றது.

“டிரைவரய்யா, இறக்கிக்கிடும் ஒம்ம ஆளை! பஸ்ஸு நிக்கலன்னு ரோட்டுக்குக் குறுக்கே நின்னு மறிக்காரு!” என்று லாரிக்காரன் சிரித்தான்.

காசிலிங்கம் புது டின்னோடு குதித்தான். “நாப்பது நம்பர். தகட்டுல விட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன்.”

அவனே ஊற்றினான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. சாவியைத் திருப்பியதும் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழுந்து நின்றது.

“முன்னால ஏறும் தம்பி,” என்றார் ஜீவமணி.

முத்தையாபுரம் வரைக்கும் காசிலிங்கம் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உப்பளத்து வரப்பில் பெண்கள் எழுந்து நின்றார்கள். குழந்தையோடு வேன் படியேற முடியாத ஒருத்தி, யாரென்று பாராமல், அதை அவனிடம் நீட்டினாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விரல்களை இறுக மடக்கிக்கொண்டு, அவன் முழங்கைகளை முன்னால் நீட்டி வாங்கினான். பிசுக்கு குழந்தைமேல் பட்டுவிடாதபடி நெஞ்சை நிமிர்த்தி, வெள்ளை உப்புக் குவியல்களுக்கு முன்னால் அப்படியே நின்றான்.